வீட்டு இணைப்புக்குப் புதன்கிழமை

கருமாபாளையம் நகராட்சி தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துத் தானே விற்றது. சென்ற சித்திரையிலிருந்து கட்டணத்தைப் பணமாக வாங்குவதை நிறுத்திவிட்டது. வீட்டு இணைப்புக்குப் புதன்கிழமை. கடை இணைப்புக்கும் அதே.

ரீடிங் எடுக்க வையாபுரி வருவார். மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதுவார். பிறகு சுவரில் தொங்கும் தினக் காலண்டரைக் கழற்றச் சொல்வார். அந்த மாதத்துப் புதன்கிழமைத் தாள்களை மட்டும் கிழியாமல் பதமாகப் பிய்த்தெடுத்து, காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் புதன்கிழமை வராது. செவ்வாய்க்கிழமை படுத்தால் வியாழக்கிழமை எழுந்திருக்கலாம்.

பாவாயிக்கு இதில் முதலில் பெரிய வருத்தம் இல்லை. துவைக்கிற வேலை ஒரு நாள் குறைந்தது. அவ்வளவுதான்.

அவள் வீடு ஊரின் தெற்குக் கடைசியில் இருந்தது. பின்னறையில் குஞ்சு பொரிக்கிற பெட்டி வைத்திருந்தாள். ஒரு முறை அடை வைத்தால் முந்நூறு நாட்டுக்கோழி முட்டை. இருபத்தோரு நாள் சூடு காட்டினால் குஞ்சு வரும். அவள் புருஷன் செங்கோடன் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை முப்பது வருஷம் ஓட்டி, இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, இப்போது நடுவீட்டில் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டின் வரும்படி அந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

வைகாசியில் பொரிந்த அடையில் முந்நூறுக்கு இருநூற்றெண்பது குஞ்சு தேறின. நல்ல கணக்கு. பாவாயி பெட்டியின் கதவைத் திறந்தாள். குஞ்சுகள் எல்லாம் அவளைப் பார்த்து வாயைத் திறந்தன. சத்தம் வரவில்லை.

அவள் ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தாள். தொண்டை ஆடியது. வாய் திறந்து மூடியது. ஒன்றும் கேட்கவில்லை. இருநூற்றெண்பது வாய்களும் அப்படியே திறந்து மூடின. பாவாயி தனக்குத்தான் காது போய்விட்டதோ என்று, "ஏனுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"என்ன புள்ள?" என்றார் செங்கோடன் நடுவீட்டிலிருந்து. காது நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் வையாபுரி வந்தபோது அவரிடம் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"முட்டைக்குள்ள ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணு உருவாகுமாமுங்க அக்கா. கண்ணு ஒரு நாளு, அலகு ஒரு நாளு. குரலு புதங்கிழமையில உருவாகுறதா இருந்திருக்கும்."

"அப்ப என்ற புதங்கிழமயக் குடுத்துருங்க."

"அது நேத்தே சேர்மன் வீட்டுக்குப் போயிருச்சுங்க."

சேர்மன் கந்தப்பன் மகளுக்கு அப்போது கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது புதன்கிழமையாக விருந்து போட்டார்கள். ஊர்ப் புதன்கிழமை எல்லாம் சேர்மனையும் சேர்த்து இருபத்து நான்கு கவுன்சிலர்களுக்குத்தான் போயிற்று. அவர்கள் வீட்டில் ஒரு புதனுக்குப் பின்னால் இன்னொரு புதன் வந்தது.

பாவாயி அடுத்த அடைக்கு முட்டை வைத்தாள். பிறகு செங்கோடனுக்கு மூன்று நாளைக்குச் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டுத் தலைநகரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே மாநிலக் கட்டண மேற்பார்வை மன்றம் இருந்தது. நகராட்சி வைக்கிற கட்டணம் நியாயமா என்று பார்ப்பது அதன் வேலை.

மன்றத்தின் நடைவழி நீளமாக இருந்தது. இருபுறமும் பூட்டிய கதவுகள். கடைசியில் ஒரு சன்னல் தெரிந்தது. பாவாயி நடந்தாள். சன்னல் அப்படியே இருந்தது. வழியில் ஒரு பெரியவர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டாள்.

"மனு கொடுக்கிறவங்க குறையக் குறைய நடை நீளும்மா. நான் வந்தப்ப பத்தே அடிதான். நடுவுல நின்னு சாப்பிட உட்கார்ந்தேன். தப்பாப் போச்சு."

பாவாயி நிற்காமல் நடந்தாள். சாயங்காலத்துக்குள் சன்னலுக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரே ஒரு படிவம் இருந்தது.

"போன புதன்கிழமை எங்க இருந்தீங்க?"

"எங்களுக்குப் புதன் இல்லீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"இல்லைன்னா எழுத முடியாது. நீங்க இருந்தீங்கன்னு தெரியணும். பிறந்த கிழமை?"

"புதனுங்க."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுலங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, "வீடு ஊருக்கு உள்ளேயா, வெளியேயா?" என்றார்.

"கடைசி வீடுங்க."

"அது முக்கியம்மா. உள்ளே இருக்கிறவங்க நகராட்சிக்கு ஓட்டுப் போடுறாங்க. கட்டணம் பிடிக்கலைன்னா சேர்மனை மாத்திக்கலாம். அவங்களை நாங்க பார்க்க மாட்டோம். வெளியே இருக்கிறவங்களுக்கு ஓட்டு இல்லை. அவங்களுக்குத்தான் மன்றம்."

"எனக்கு எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"விசாரணையில சொல்வாங்க." அவர் ஒரு சீட்டை நீட்டினார். விசாரணை அடுத்த மாதம் ஏழாம் தேதி. புதன்கிழமை.

பாவாயி அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேற கிழமை இல்லீங்களா?"

"மன்றம் புதன்கிழமைதான் கூடும். மத்த நாள்ல எல்லாருக்கும் வேலை இருக்குமில்ல?"

அந்த மாதம் முழுவதும் அவளுக்கு அதே யோசனையாக இருந்தது. இதற்கிடையில் இரண்டாவது அடையும் பொரிந்தது. அவற்றுக்கும் குரல் இல்லை. வாங்க வந்த வியாபாரி கூடையைத் திறந்து பார்த்துவிட்டு வெளிறிப்போய், கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

சாலைக்கு அந்தப் பக்கம், ஊர் எல்லை தாண்டி, சலேத்மேரி டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கூரையில் சோலார் பலகை போட்டிருந்ததால் நகராட்சிக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஏழு நாளும் அவரிடம் இருந்தன. பாவாயி போய் நின்றாள்.

"டீச்சர், ஒரு புதங்கிழம கடனாக் கிடைக்குமுங்களா?"

"ஒரு நாள்தானே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து இங்கேயே படுத்துக்க. ஒண்ணு மட்டும் சொல்றேன் பாவாயி. காலையில எந்திரிச்சு உன் வீட்டுப் பக்கம் பார்க்காதே."

"ஏனுங்க?"

"நான் பார்த்திருக்கேன். அதான் சொல்றேன்."

பாவாயி பார்க்கவில்லை. புதன்கிழமை காலையில் முந்தானையால் ஒரு பக்கக் கண்ணை மறைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். சாலையில் ஆளே இல்லை. வெளியூர் பஸ் மட்டும் வந்தது.

மன்றத்தில் மூன்று உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார்தான் தலைவி. மூவருக்கும் சேர்த்து ஒரே மூக்குக்கண்ணாடி. ஒருவர் மாற்றி ஒருவர் போட்டு மனுவைப் படித்தார்கள். கண்ணாடி இல்லாதவர்கள் அந்த நேரம் காத்திருந்தார்கள்.

நகராட்சி வக்கீல் எழுந்தார்.

"நகராட்சி ஊர் மக்களுக்குச் சொந்தம். மின்சாரமும் அவங்களுக்குச் சொந்தம். புதன்கிழமையைக் கொடுக்கிறதும் அவங்க, வாங்குறதும் அவங்க. தன்கிட்ட தானே வாங்கினதை யாராவது அநியாயம்னு சொல்வாங்களா?"

"குஞ்சுக்குச் சத்தம் வரலீங்க" என்றாள் பாவாயி.

"அமைதியா இருக்கிறது குறையாம்மா?" என்றார் வக்கீல்.

தலைவி கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். "எல்லைக்கோடு எங்கே போகுதுன்னு பார்த்துடலாம்" என்று எழுந்து மன்றத்தின் பின்கதவைத் திறந்தார். வெளியே பாவாயியின் தெரு இருந்தது.

டீச்சர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அதற்குள் பார்த்துவிட்டாள்.

அவள் வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் கட்டாந்தரை. சுவர் நின்ற தடம்கூட இல்லை. நடுவில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அந்த இடம் நன்றாகப் பழகியிருந்தது. சுற்றி இருந்த வீடுகளும் இல்லை. கருமாபாளையத்தில் பாதிக்கு மேல் வெறும் தரையாகக் கிடந்தது. தூரத்தில் சேர்மன் வீடும் கவுன்சிலர்கள் வீடுகளும் மட்டும் வாழைமரம் கட்டி நின்றன.

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நடுவீடு இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். மண் சுட்டது.

"இவரு எங்கீங்க?" என்றாள்.

"யாரு?" என்றார் தலைவி.

"என்ற வீட்டுக்காரரு. இங்கதான் கட்டில்ல இருப்பாரு."

"வியாழக்கிழமை இருப்பார்" என்றார் தலைவி. "வீடு இல்லாதது நல்லதாப் போச்சு. கோடு நேரா வரும்."

இரண்டு உறுப்பினர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். சுண்ணாம்பைத் தூவினார்கள். ஆடு நகரவில்லை. கோடு அதைச் சுற்றிப் போயிற்று.

வியாழக்கிழமை வீடு மறுபடி முளைத்தபோது கோடு அதன் நடுவே இருந்தது. அடுப்படியும் நடுவீடும் ஊருக்குள். பின்னறையும் குஞ்சுப் பெட்டியும் ஊருக்கு வெளியே. கூடவே உத்தரவும் வந்திருந்தது. வெளியே இருப்பவர்களிடம் புதன்கிழமை வாங்கக்கூடாது. உள்ளே இருப்பவர்களைப் பற்றி மன்றம் எதுவும் சொல்லாது, அவர்களுக்குத் தேர்தல் இருக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் எந்தப் பக்கம் என்பதை ஏழு நாளைக்குள் எழுதித் தரவேண்டும்.

பாவாயி பின்னறை என்று எழுதினாள். பாயைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"நீங்களும் வந்துருங்க. ரெண்டு பேருமாக் கட்டில இழுத்துக்கலாம்."

செங்கோடன் ரேடியோவை அணைத்தார்.

"முப்பது வருசம் வண்டி ஓட்டுனேன் புள்ள. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏதோ ஒரு மாநிலத்துல பாறையக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன். ஒருக்காக்கூட ஓட்டுப் போட்டதில்ல. இப்பத்தான் ஓட்டு அட்ட வந்திருக்குது. அத விட்டுப்போட்டுக் கோட்டுக்கு அக்கட்டால வரச் சொல்ற."

"புதங்கிழம இல்லாமப் போயிருவீங்களே."

"எனக்கென்னவோ தெரியறதில்ல. தூங்கி எந்திரிக்கறேன். அம்புட்டுத்தான்."

அவள் பார்த்த வெறுந்தரையை அவரிடம் சொல்ல நினைத்தாள். சொல்லாமல் முட்டைகளைத் திருப்பப் போனாள்.

முதல் புதன்கிழமை அவள் பின்னறையில் கண் விழித்தாள். நடுவீட்டுக்குப் போகிற கதவைத் திறந்தாள். வாசற்படிக்கு அப்பால் கட்டாந்தரை. ஆடு திரும்பிப் பார்த்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு அன்றைக்கு முழுவதும் முட்டைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அவர் கட்டிலில் இருந்தார். பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். செவ்வாய்க்கிழமைச் சட்னியில் உப்புக் குறைவு என்றார்.

வெளியே இருப்பவர்களிடம் வாங்க முடியாமல் போன புதன்கிழமைகளை ஈடுகட்ட, நகராட்சி உள்ளே இருப்பவர்களிடம் வெள்ளிக்கிழமையையும் வாங்க ஆரம்பித்தது. வையாபுரி தலையைக் குனிந்துகொண்டே வந்து தாள்களைப் பிய்த்தார்.

"என்ற வெள்ளிக்கிழமயும் போயிருச்சுங்க அக்கா. பொண்ணுக்கு வெள்ளிக்கிழமதான் பொறந்தநாளு."

பாவாயிக்குத் தன் மனுதான் இதைச் செய்தது என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஐப்பசியில் நகராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. சேர்மன் கந்தப்பன் அலமாரிச் சின்னத்தில் நின்றார். துணைச் சேர்மன் ரங்கநாயகி அவரை எதிர்த்துச் சீப்புச் சின்னத்தில் நின்றார். ரங்கநாயகிக்குப் புதன்கிழமைகள் அலுத்துப் போயிருந்தன. ஜெயித்தால் எல்லாருடைய நாட்களையும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"புதங்கிழம ஓட்டுன்னா ஆரு போய்ப் போடுவாங்க?" என்று பாவாயி வையாபுரியிடம் கேட்டாள்.

"புதங்கிழம இருக்கறவங்க போடுவாங்க. சேர்மனோட சேத்துக் கவுன்சிலருங்க இருபத்தி நாலு பேரு. அக்கா, நாஞ் சொன்னதா வெளிய சொல்லீராதீங்க. அலமாரிக்குப் பன்னெண்டு, சீப்புக்குப் பன்னெண்டுன்னு நிக்குதாம்."

செவ்வாய்க்கிழமை மதியம் செங்கோடன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். பாவாயி சாலையைக் கடந்து போய் டீச்சரைக் கூட்டிவந்தாள். இருவரும் கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கோட்டைத் தாண்டும்போது கட்டில் கொஞ்சம் கனத்தது. செங்கோடன் கண்ணைத் திறந்தார்.

"என்ன புள்ள பண்றீங்க?"

"நாளைக்கு ஓட்டுங்க. நீங்க போடோணுமில்ல?"

அவர் சாயங்காலம் தானே தண்ணீர் வைத்து முகம் மழித்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்தது. செங்கோடன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். ஏழு மாதத்தில் அவருக்கு இதுதான் முதல் புதன். பாவாயி அவருக்கு வெளுத்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். அட்டையைச் சட்டைப் பையில் வைத்தாள். அன்றைக்குத்தான் அடை பொரிகிற நாள். இருபத்தோரு நாளும் முழுதாக இருந்த முதல் அடை; ஊமைக் குஞ்சுகள் விற்காமல், முட்டை வாங்கக் காசு சேர்க்கவே அவளுக்கு இத்தனை நாள் ஆயிற்று. அவளால் பெட்டியை விட்டு நகர முடியாது.

"சீப்புங்க. மறந்துராதீங்க. ரெண்டாவது இருக்கும்."

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பத்து மணிக்கு முதல் முட்டை விண்டது. ஈரக்குஞ்சு தலையை நீட்டியது. வாயைத் திறந்தது. பாவாயி காதைக் கிட்டே கொண்டுபோனாள். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பதினொரு மணிக்கு நூறு குரல். பன்னிரண்டு மணிக்கு அறை முழுவதும் குரல். தகரக் கூரை அதிர்ந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர் கை தட்டினார்.

ஒரு மணிக்குச் செங்கோடன் திரும்பி வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. விரலில் மை இருந்தது. பாவாயி செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன். பெரிய மரியாத புள்ள. நாற்காலி போட்டாங்க. இருபத்தஞ்சாவது ஆளுன்னு கையெழுத்து வாங்குனாங்க."

"சீப்புக்குத்தானே?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"அலமாரிக்கு."

குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பாவாயிக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது. கிட்டே வந்து அவர் வாயைப் பார்த்தாள். "எதுக்குங்க?"

"அலமாரிக்கு புள்ள. அந்தம்மா ஜெயிச்சாப் புதங்கிழமயத் திருப்பிக் குடுக்கறேங்குது. நானுந்தான் இன்னைக்கு ஒரு புதங்கிழம பாத்துட்டேன். ஒரு டீக்கட இல்ல. பேசறதுக்கு ஆளில்ல. வெயிலு. நடந்து நடந்து இடுப்பு வலி. இதையா ஊரே அழுதுக்கிட்டுக் கேக்குதுன்னு இருந்துச்சு. சேர்மன் பாவம், இத்தன நாளா இத எல்லாம் அவரு ஒருத்தரே வாங்கி வாங்கி வெச்சிருக்காரு."

பாவாயிக்கு வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை.

"இந்தச் சத்தத்துல எப்படிப் புள்ள இருக்கற?" என்றார் அவர். தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். ரேடியோவை எடுத்துக்கொண்டார். நடுவீட்டுக் கதவைத் திறந்தார். வெளியே கட்டாந்தரையில் வெயில் அடித்தது. ஆடு நின்றது. அவர் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் நின்று செருப்பைச் சரியாக மாட்டினார்.

"போகாதீங்க" என்றாள் பாவாயி. "அங்க ஒண்ணுமில்லீங்க. நான் பாத்திருக்கேன்."

"நம்ம வீடுதான புள்ள. நாளைக்கு வாரேன்."

அவர் கோட்டைத் தாண்டினார். வலது கால் போயிற்று. பிறகு தலையணை போயிற்று. பிறகு அவர் இல்லை.

பாவாயி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாலையில் ஒரு ஜீப் வந்தது. மேலே ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ஆளில்லாத தெருவில் அது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனது. அண்ணன் கந்தப்பன் ஒரு வாக்கு வித்தியாசத்தில் அமோக வெற்றி. மக்கள் தந்த தீர்ப்புக்கு நன்றி. மக்களின் ஆதரவு தெளிவாகிவிட்டபடியால் நாளை முதல் வியாழக்கிழமையும் கட்டணத்தில் சேர்க்கப்படுகிறது.

அவள் விரலை மடக்கினாள். வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. சனிக்கிழமை வருவார்.

அவர் குடித்த செம்பு தரையில் இருந்தது. அவள் அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சனிக்கிழமைக்கு என்ன ஆக்குவது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.